கசடு படியவில்லையா? ஜாடியிலிருந்தே காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

கழிவைத் தின்று வளரும் நுண்ணுயிர்களின் திரள்தான் கசடு. ஒரு ஜாடி மாதிரியை அசையாமல் அரை மணி நேரம் வைத்து, கசடு ஜாடியின் உயரத்தில் ஆயிரத்துக்கு எத்தனை பங்காகப் படிகிறது என்று பார்ப்பதே படிவுச் சோதனை. பதிவேட்டில் '30 நிமிடம் – 320' என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஜாடியை உடனே தொட்டிக்குள் கவிழ்த்துவிடுகிறார்கள். கன்னியாகுமரி விடுதிகள், நாகர்கோவில் மருத்துவமனைகள், மார்த்தாண்டம் பக்கத்துத் திருமண மண்டபங்கள் என்று நான் போய்ப் பார்க்கிற சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல கசட்டுக்கும் 320 வரும். நாளை மறுநாள் படிவுத் தொட்டியைத் தாண்டி வழியப்போகிற கசட்டுக்கும் 320 வரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதல் ஐந்து நிமிடமும், முப்பதாவது நிமிடத்துக்குப் பிறகு வருகிற ஒன்றரை மணி நேரமும்தான்.

ஜாடி சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சுத்திகரிப்பு முறையே கண்ணாடிப் பாட்டிலில் பிறந்ததுதான். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரைப் பாட்டிலில் காற்றூட்டினார்கள். படியவிட்டு, தெளிந்ததை மட்டும் வடித்தார்கள். அடியில் தங்கியதை வைத்துக்கொண்டு அதன்மேல் மறுபடியும் கழிவுநீரை ஊற்றினார்கள். அடிக்கசடு சேரச் சேர, நீர் தெளிகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. நம் ஏரேஷன் தொட்டியில், அதாவது காற்றூட்டும் தொட்டியில், இன்று நடப்பதும் அதுவேதான். கசடு படிந்தால்தான் சுத்திகரிப்பு. படியாவிட்டால் காற்றைத் தள்ளும் புளோயர் எத்தனை மணி நேரம் ஓடினாலும் பயனில்லை.

நாகர்கோவிலைச் சுற்றிய கால்வாய்களில் விழும் நீர் பழையாற்றில் கலந்து, சுசீந்திரத்தைக் கடந்து, மணக்குடியில் கடல் சேர்கிறது. வழியெல்லாம் வயல். 2022இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் – தேரூர் குளங்களும் அந்தப் பக்கம்தான். படியாமல் தப்பிய கசடு அங்கேதான் போகிறது என்ற நினைவோடு ஜாடியின் முன் உட்காருங்கள்.

முதலில் சோதனையையே சோதியுங்கள்

கசட்டில் குறை தேடுமுன் சோதனை செய்யும் முறையில் குறை இருக்கிறதா என்று பாருங்கள். பாதி 'கோளாறுகள்' இங்கேயே தீர்ந்துவிடும்.

மாதிரியை ஏரேஷன் தொட்டியின் கடைசி முனையில், நீர் படிவுத் தொட்டிக்குப் போகும் இடத்துக்குச் சற்று முன்பு எடுக்க வேண்டும். புளோயர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நுரையை விலக்கிவிட்டு, ஓர் அடி ஆழத்திலிருந்து அள்ள வேண்டும். தினமும் ஒரே நேரம். காலை ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான். எடுத்த சில நிமிடங்களிலேயே சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். வாளியில் அரை மணி நேரம் கிடந்த கசடு, தொட்டியில் இருந்த அதே கசடு அல்ல.

ஒரு லிட்டர் அளவு ஜாடி குறுகலானது. அதன் சுவரில் கசடு பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். இல்லாத நோயைக் காட்டும். வாய் அகன்ற இரண்டு லிட்டர் ஜாடியே நல்லது. இதற்கென்றே விற்கிற பாத்திரம் கிடைக்காவிட்டால், பக்கங்கள் நேராக உள்ள அகன்ற கண்ணாடி ஊறுகாய் ஜாடி போதும். ஊற்றும் கோட்டுக்கும் அடிக்கும் இடையே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அதைப் பத்துச் சம பாகமாகப் பிரித்து, 100, 200 என்று 1000 வரை எழுதிக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படியொரு ஜாடியைத்தான் பையில் வைத்திருக்கிறேன்.

மாதிரியைக் குலுக்க வேண்டாம், திரள்கள் உடைந்துபோகும். மெல்லக் கிளறி, ஒரே ஊற்றாக ஊற்றி, சுழல் நிற்கும்படி அகப்பையை ஒரு நொடி குறுக்கே பிடித்து எடுத்துவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். ஒரு பக்கம் சூடேறினால் ஜாடிக்குள் நீரோட்டம் உண்டாகும். புளோயர் அறை மேடையிலும் வேண்டாம். அங்கே வைத்த ஜாடி அதிர்ந்துகொண்டே இருக்கும், கசடு வழக்கத்தைவிட இறுகிப் படியும், எண் அழகாக வரும். அந்த அழகை நம்பி மோசம் போனவர்கள் உண்டு.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முப்பது நிமிடம் வரை குறியுங்கள். பிறகு 60, 90, 120. எண்ணோடு மூன்று சொற்களும் எழுதுங்கள்: மேல்நீர் (கசட்டுக்கு மேலே நிற்கும் நீர்) எப்படி, எல்லைக்கோடு (கசடும் நீரும் பிரியும் கோடு) எப்படி, மேலே மிதப்பது என்ன.

நலமான கசடு எப்படி நடந்துகொள்ளும்? ஊற்றிய ஓரிரு நிமிடத்தில் பஞ்சுபோலத் திரளும். பிறகு போர்வையை மெல்ல இறக்குவதுபோல மொத்தமாக இறங்கும். ஐந்திலிருந்து பத்து நிமிடத்தில் பாதியை நெருங்கும். முப்பதாவது நிமிடத்தில் 200க்கும் 300க்கும் இடையில் நிற்கும். மேல்நீர் வழியே மறுபக்கத்துச் செய்தித்தாளைப் படிக்கலாம். இரண்டு மணி நேரம் கழித்தும் அடியிலேயே கிடக்கும்.

எண்ணை மட்டும் பார்க்காமல், கசட்டின் எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1934இல் மோல்மன் ஒரு குறியீட்டைத் தந்தார். அதைத்தான் எஸ்.வி.ஐ., அதாவது கசடு பருமக் குறியீடு என்கிறோம். முப்பதாவது நிமிட அளவை 1000ஆல் பெருக்கி, எம்.எல்.எஸ்.எஸ். அளவால், அதாவது ஏரேஷன் தொட்டியின் ஒரு லிட்டர் நீரில் உள்ள கசட்டின் எடையால் வகுக்க வேண்டும். ஜாடியில் 280, எம்.எல்.எஸ்.எஸ். 3,500 மில்லிகிராம் என்றால் 80 வரும். 80 முதல் 150 வரை நலம். 150ஐத் தாண்டினால் கவனம்; 200ஐத் தாண்டினால் கசடு உப்பிவிட்டது. 80க்கு வெகுவாகக் கீழே போனாலும் மகிழ வேண்டாம், அதுவும் ஒரு நோயின் அடையாளம்தான். எடை பார்க்க அடுப்பும் தராசும் இல்லாத நிலையங்கள் மாதம் ஒரு முறையாவது மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை கைகொடுப்பது இரண்டு ஜாடி முறை; அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இறங்கவே இல்லை: முப்பது நிமிடத்தில் 800, 900, மேலே உள்ள கொஞ்ச நீர் பளிங்குபோல் இருக்கிறது

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்காகத்தான். அழைப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குள் சாணக் கரைசலை ஊற்றியிருப்பார்கள், கடையில் ஏதோ ஒரு கல்ச்சர் பொடியை வாங்கிப் போட்டிருப்பார்கள், பிளீச்சிங் பவுடரையும் தூவியிருப்பார்கள். தயவுசெய்து எதையும் போடாதீர்கள். முதலில் இரண்டாவது ஜாடியை எடுங்கள்.

ஒரு ஜாடியில் மாதிரியை அப்படியே நிரப்புங்கள். இன்னொன்றில் பாதி மாதிரி, பாதி உங்கள் நிலையத்தின் தெளிந்த வெளியேறு நீர். குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் குளோரின் இருக்கலாம், உப்பின் அளவும் வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

கலந்த ஜாடி மடமடவென்று இறங்கி 300 பக்கம் வந்துவிட்டால் கசட்டில் நோய் எதுவும் இல்லை. கூட்டம்தான் அதிகம். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் முட்டி நகர முடியாமல் நிற்பதுபோலத் திரள்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. கலந்த ஜாடியும் மந்தமாகவே நின்றால், திரளிலிருந்து நூல்போன்ற நுண்ணுயிர் இழைகள் நீண்டு ஒன்றையொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்து மற்றதற்கு நஞ்சு.

கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில் இதை நேரில் கண்டேன். சபரிமலைக்குப் போய்த் திரும்பும் கூட்டத்தால் டிசம்பர் முழுவதும் அறைகள் நிரம்பியிருந்த நேரம். ஜாடியில் 920. இழைப் பெருக்கம்தான் என்று எல்லாரும் முடிவு கட்டி, குளோரினுக்கு ஏற்பாடும் செய்துவிட்டார்கள். அங்கே பல ஆண்டுகளாக வேலை பார்த்த ஆபரேட்டர் என்னை ஓரமாக அழைத்து, "மக்களே, இந்தத் தொட்டியிலிருந்து கசடு வெளியே எடுத்து மாதக்கணக்காகிறது. சேர்ந்துபோயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது" என்றார். பாதி கலந்த ஜாடியை வைத்தோம். முப்பது நிமிடத்தில் 310. எடை பார்த்தபோது எம்.எல்.எஸ்.எஸ். 7,200, எஸ்.வி.ஐ. 128. கசடு நன்றாகவே இருந்தது. குளோரின் ஊற்றியிருந்தால் நல்ல கசட்டைக் கொன்றிருப்போம். பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசட்டை வெளியே எடுத்துக் கழித்தோம், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. தினமும் தொட்டியைப் பார்த்தார்.

எம்.எல்.எஸ்.எஸ். 2,400தான், ஆனாலும் ஜாடி 940 என்றால் கதை வேறு. எஸ்.வி.ஐ. 390ஐத் தாண்டுகிறது. இவ்வளவு உயரத்தில் ஜாடி நிற்கும்போது அந்த எண்ணே நம்பத் தக்கதல்ல. அளவு 250க்குக் கீழே வரும்வரை பாதி, கால் என்று கலந்துகொண்டே போக வேண்டும். கால் பங்கு மாதிரியில் 190 வந்தால், நான்கால் பெருக்கி 760, எஸ்.வி.ஐ. ஏறத்தாழ 317. இப்போது உறுதியாகச் சொல்லலாம்: இழைப் பெருக்கம். மேல்நீர் பளிங்குபோல் இருப்பதற்கும் இழைகளே காரணம். வலைபோல விரிந்து பொடித் துகள்களையெல்லாம் பிடித்துக்கொள்கின்றன. பார்க்கிறவருக்கு நீர் தெளிவு, நிலையத்துக்கு ஆபத்து. அருகிலுள்ள கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நூறு மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தலைமுடிபோல நீண்டு கிடப்பது கண்ணுக்கே தெரியும்.

இழைகள் காரணமின்றி வளர்வதில்லை. நம் மாவட்டத்தில் நான் எந்த வரிசையில் தேடுகிறேனோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வருகிற நீர் முதலிலேயே அழுகியிருக்கிறதா? சேகரிப்புத் தொட்டியின் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை, சுவரில் வெள்ளை நூல்போன்ற வழுவழுப்பு. இரண்டும் இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். கந்தகம் கலந்த அழுகல் நீரை விரும்பி வளரும் இழைகள் உண்டு. மிதவை சுவிட்ச் உயரத்தில் பொருத்தப்பட்டிருப்பதால் நீர் பல மணி நேரம் கிடந்து புளிக்கிறது, அதைத் தாழ்த்துங்கள். சேகரிப்புத் தொட்டிக்கும் கொஞ்சம் காற்று கொடுங்கள். ரப்பர் பால் பதப்படுத்தும் இடங்களில் இது இன்னும் கடுமை. மிச்சப் பாலைத் திரிய வைக்கக் கந்தக அமிலம் சேர்ப்பார்கள். அந்தச் சல்பேட் காற்றில்லாத குட்டையில் கிடந்து சல்பைடாக மாறி, ஏரேஷன் தொட்டிக்கு வந்து இழைகளுக்கு இரையாகிறது.

அடுத்து ஆக்சிஜன். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்க வேண்டும். அதை அதிகாலையில் அளந்து மனநிறைவு அடையாதீர்கள். விடுதியில் எல்லாரும் குளித்து, சமையலறையும் ஓடுகிற காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள் அளந்து பாருங்கள். பல இடங்களில் அந்த நேரத்தில் 0.5கூட இருப்பதில்லை. தொட்டியின் அடியில் காற்றைக் குமிழாக்கி விடும் டிஃப்யூசர் அடைத்திருக்கும், அல்லது புளோயர் வடிகட்டி உப்புக்காற்றில் இறுகியிருக்கும். குமரிக் கரையோரத்தில் அந்த வடிகட்டியை உள்நாட்டில் உள்ளவர்களைவிட அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சமையலறை. கஞ்சித் தண்ணீரும் மரச்சீனி அவித்த நீரும் வெறும் மாவுச்சத்து. நுண்ணுயிருக்குச் சோறு மட்டும் போதாது; உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவில் உள்ள உணவின் அளவு) 100 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற விகிதம் வேண்டும். கழிப்பறை நீர் கலந்த இடத்தில் இது தானாக அமைந்துவிடும். தனியாக உணவு தயாரிக்கும் கூடங்களில் அமையாது. அங்கே யூரியாவும் டி.ஏ.பி.யும் அளந்து சேர்க்க வேண்டியிருக்கும். கையுறையோடு கசட்டைத் தொட்டால் வெண்டைக்காய்க் குழம்புபோல இழுபட்டால், அது இந்தக் குறையின் அடையாளம்.

ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்துக் கழுவு நீர் வருகிறதென்றால் பி.எச். பாருங்கள். ஃபார்மிக் அமிலத்தால் அது 6.5க்குக் கீழே போனால் பூஞ்சை இழைகள் தலையெடுக்கும். சுண்ணாம்பு நீரால் சரிசெய்யலாம்.

காரணத்தைச் சரிசெய்தாலும் கசடு திருந்த இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் வெளியே வழிந்துவிடும் என்ற நிலையில் மட்டும் குளோரின். அதையும் கணக்கில்லாமல் ஊற்றக் கூடாது. தொட்டியில் உள்ள 1,000 கிலோ கசட்டுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 கிலோ குளோரின் என்பது வழக்கமான தொடக்க அளவு. 50,000 லிட்டர் தொட்டி, எம்.எல்.எஸ்.எஸ். 3,000 என்றால் கசடு 150 கிலோ. வேண்டிய குளோரின் 300 முதல் 450 கிராம். முப்பது சதவீத பிளீச்சிங் பவுடரில் அது ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ. ஒரு கிலோவில் தொடங்குங்கள். கரைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் நாளைக்கு மூன்று நான்கு தவணையாக, படிவுத் தொட்டியிலிருந்து ஏரேஷன் தொட்டிக்குக் கசடு திரும்பும் குழாயில் விடுங்கள், ஏரேஷன் தொட்டியின் மேல் தூவ வேண்டாம். தினமும் ஜாடி பாருங்கள். மேல்நீர் பால்போலக் கலங்கத் தொடங்கிய அன்றே நிறுத்திவிடுங்கள். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் நம் ஈரக்காற்றில் சீக்கிரமே வீரியம் இழக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுந்துவிட்டது: ஐந்து நிமிடத்தில் 150, ஆனால் மேல்நீரில் பொடிப்பொடியாய் மிதக்கிறது

படிவு அபாரமாக இருக்கிறது என்று மேலாளரிடம் காட்டத் தோன்றும். ஆனால் இது கிழடுதட்டிய கசடு. கூழாங்கல்போல் வேகமாக விழுகிறது. விழுகிற வேகத்தில் பொடித் துகள்களைக் கூட்டிக்கொண்டு போகாமல் மேலேயே விட்டுவிடுகிறது. ஊசிமுனை அளவுத் துகள்கள் இரண்டு மணி நேரம் கழித்தும் மிதக்கும். நிறம் கரும்பழுப்பு. ஏரேஷன் தொட்டியில் எண்ணெய்ப் பசையுள்ள பழுப்பு நுரையும் இருக்கலாம்.

காரணம் எளிது: உணவு குறைவு, கசடு அதிகம், கழிப்பது இல்லை. நம் ஊரில் இது மழையோடு சேர்ந்து வருகிறது என்பதைப் பல ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டிய பிறகுதான் புரிந்துகொண்டேன். மற்ற மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரு பருவமழை; நமக்கு இரண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கினால் கசடு உலர்த்தும் மணற்படுகை காயாது. கொஞ்சம் வெயில் கண்டு மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். படுகை காலியில்லாததால் ஆபரேட்டர் கசடு எடுப்பதை நிறுத்திவிடுகிறார். விடுதியிலும் அது கூட்டமில்லாத காலம். உணவும் குறைந்து, கழிப்பும் நின்று, ஆகஸ்டில் ஜாடி இப்படி ஆகிறது.

தீர்வு கழிப்பதுதான், ஆனால் ஒரே நாளில் பாதியை எடுத்துவிடாதீர்கள். தினமும் எடுக்கும் அளவைப் பத்து சதவீதம்போல ஏற்றிக்கொண்டே போய், ஜாடியைப் பார்த்து நிறுத்துங்கள். முன்கூட்டியே செய்ய வேண்டியது: பிப்ரவரியிலிருந்து மே வரை படுகையை ஒரு நாளும் சும்மா விடாமல் பயன்படுத்துவது, மழைக்கு முன் படுகைக்கு மேல் ஒளி ஊடுருவும் கூரை போடுவது. அந்தக் கூரையைக் கேட்டு நான் எத்தனை நிர்வாகங்களிடம் பேசியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு மோட்டார் விலைகூட ஆகாத செலவு. போட்ட இடங்களில் ஆகஸ்ட் ஜாடி மற்ற மாதங்களைப் போலவே இருக்கிறது.

நன்றாகப் படிந்தது, பிறகு மேலே எழுந்துவிட்டது

முப்பது நிமிடத்தில் ஜாடியைக் கவிழ்ப்பவர்கள் ஒருநாளும் காணாத அறிகுறி இது. அறுபதிலிருந்து தொண்ணூறு நிமிடத்துக்குள் அடிக்கசட்டில் ஒரு விரிசல், பிறகு ஒரு கட்டி மெதுவாகக் கிளம்பி மேலே வரும். சில நேரம் மொத்தப் படிவும் தோசைபோலப் பெயர்ந்து மேலே போய் நிற்கும்.

ஒரு குச்சியால் மெல்லத் தட்டுங்கள். குமிழ்கள் வெளியேறிக் கசடு மறுபடி இறங்கினால் அது நைட்ரஜன் வாயு. ஏரேஷன் தொட்டியில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறியிருக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை மூச்சுக்கு எடுத்துக்கொண்டு வாயுவை விடுகின்றன. நம் வெப்பத்தில் இது விரைவாகவே நடக்கும். ஆகவே கசடு படிவுத் தொட்டியின் அடியில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதுதான் கேள்வி. ஜாடியில் 70 நிமிடத்தில் எழுகிற கசட்டைத் தொட்டியில் இரண்டு மணி நேரம் விட்டுவைத்தால் அங்கேயும் எழத்தான் செய்யும்.

திரும்பு கசட்டின் வேகத்தைக் கூட்டுங்கள். சிறிய நிலையங்களில் காற்றால் தூக்கும் குழாய்தான் இருக்கும். அதில் துணியோ முடியோ சிக்கி ஓட்டம் பாதியாகியிருக்கும். கூம்பு அடியின் சரிவுகளில் கசடு ஒட்டிக்கொண்டு அழுகும்; நீண்ட கழியில் ரப்பர் கட்டி வாரத்துக்கு இரண்டு முறை தள்ளிவிடுங்கள். மின்தடையின்போது ஜெனரேட்டர் புளோயருக்கு இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்குக்கும் லிஃப்டுக்கும் கொடுத்துவிட்டு இதை மறந்திருப்பார்கள்.

தட்டினாலும் இறங்காமல் மேலேயே நின்றால் அது எண்ணெய். தனியே கீழே சொல்கிறேன். குமிழோடு கருமையும் அழுகல் வாடையும் சேர்ந்து வந்தால் நைட்ரேட்டை விடுங்கள். கசடு காற்றின்றி அழுகுகிறது, ஆக்சிஜனையும் அடைந்த மூலைகளையும் பாருங்கள்.

எல்லைக்கோடே தெரியவில்லை; ஜாடி முழுவதும் கலங்கல்

திரளே உண்டாகவில்லை, அல்லது உண்டான திரள் உடைந்துவிட்டது. புதிதாகத் தொடங்கிய நிலையமென்றால் கவலை வேண்டாம். நலமான வேறொரு நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் கசடு வாங்கி விட்டுப் பொறுத்திருங்கள். நேற்றுவரை நன்றாக இருந்து இன்று இப்படி என்றால், முந்தைய நாள் சாக்கடையில் என்ன கொட்டினார்கள் என்று விசாரியுங்கள். விடுதிகளில் மொத்த அறைகளையும் ஒரே நாளில் கழுவும்போது ஃபினாயிலும் பிளீச்சும் வாளிக்கணக்கில் வரும்; மருத்துவமனைகளில் கிருமிநாசினி. குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் உண்மை வராது. துப்புரவுப் பணியாளரிடம், "அக்கா, நேற்று எந்தப் பக்கம் கழுவினீர்கள்?" என்று கேளுங்கள், எல்லாவற்றையும் சொல்வார்.

மீன் பதப்படுத்தும் இடங்களில் உப்புக்கும் இதில் பங்குண்டு. சோடியம் மிகுந்தால் திரளைப் பிணைத்து நிறுத்தும் கால்சியத்தின் பிடி தளர்கிறது. திடீரென்று உப்பு ஏறுவதுதான் ஆபத்து. வரும் நீரைத் தேக்கிக் கலக்கும் சமநிலைத் தொட்டியில் கலந்து சீராக அனுப்பினால் கசடு பழகிக்கொள்ளும்.

எந்தக் காரணமானாலும், கசடு கழிப்பதை அன்றே நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மூலதனம்.

லேசான பஞ்சுத் துண்டுகள் அங்கங்கே மிதக்கின்றன, நடுவில் நீர் தெளிவு

இளம் கசடு. அளவுக்கு மீறிக் கழித்துவிட்டீர்கள். ஏரேஷன் தொட்டியில் வெள்ளை நுரை பொங்கும். கழிப்பைக் குறைத்து ஒரு வாரம் காத்திருங்கள். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

மேலே சாம்பல்போல் ஒரு படலம்

குச்சியால் கலக்குங்கள். இறங்கினால் நைட்ரேட்டிலிருந்து வாயு வரத் தொடங்குகிறது. இறங்காமல் விரலில் வழவழத்தால் எண்ணெய்.

சமையலறை நீரில் மிதக்கும் எண்ணெயைப் பிடிக்கும் எண்ணெய்ப் பொறியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நம் சமையலறைகளில் ஏத்தங்காய் உப்பேரி முதல் மீன் பொரிப்பு வரை தேங்காய் எண்ணெய். அது 24 பாகை செல்சியஸ் அளவில்தான் உறையும். நம் ஊர்ச் சாக்கடை நீர் பெரும்பாலும் அதைவிடச் சூடு. எனவே பொறியில் கட்டியாக மிதக்காது. சோப்பும் வெந்நீரும் சேர்ந்தால் பாலாகக் கலந்து தாண்டிப் போய்விடும். பாத்திரத்தைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்தெடுப்பதும், பொரித்த எண்ணெயைத் தனியே சேர்த்து விற்பதும்தான் உண்மையில் பலன் தருகின்றன. இல்லாவிட்டால் பழுப்பு நிறத்தில் தடித்த, கலைக்க முடியாத நுரை ஏரேஷன் தொட்டியில் குடியேறிவிடும். அதை வாரி வெளியேற்ற வேண்டும், தண்ணீர் பீய்ச்சித் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது.

ஜாடியில் எல்லாம் சரி, படிவுத் தொட்டியில் மட்டும் வழிகிறது

இந்த நிலையில் கசட்டைத் தொடவே தொடாதீர்கள். ஜாடி காட்டுவது கசட்டின் குணம். தொட்டியில் கோளாறு நீரோட்டத்தில் இருக்கிறது.

வெளியேறு நீர் வழியும் தகட்டின் விளிம்பு மட்டமாக இருக்கிறதா? ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்தாலும் மொத்த நீரும் அங்கேயே பாய்ந்து கசட்டை இழுத்துவரும். நீர்மட்டம் பார்க்கும் குழாயை வைத்துச் சரிசெய்யுங்கள். சேகரிப்புத் தொட்டி பம்பு பெரியதாக இருந்து பத்து நிமிடம் வேகமாகத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரம் நிற்கிறதா? வால்வைக் குறைத்து, நீண்ட நேரம் மெதுவாக ஓடவிடுங்கள்.

திரும்பு கசட்டின் அளவை ஜாடியிலிருந்தே கணக்கிடலாம். முப்பதாவது நிமிட அளவை, 1000இலிருந்து அதையே கழித்து வந்த எண்ணால் வகுக்க வேண்டும். 300 என்றால் 300ஐ 700ஆல் வகுக்க, ஏறத்தாழ 43 சதவீதம். நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் வந்தால் குறைந்தது 43,000 லிட்டர் கசடு திரும்ப வேண்டும். திரும்பு குழாயின் வாயில் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி என்று எண்ணினால் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பது தெரிந்துவிடும்.

மழை பெய்த மறுநாள் மட்டும் வழிகிறது என்றால், மாடிக் கூரை நீரை யாரோ கழிவுநீர்க் குழாயில் இணைத்திருக்கிறார்கள். அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆள்நுழை குழியாகத் திறந்து பாருங்கள். எந்தக் குழியில் தெளிந்த நீர் பாய்ந்து வருகிறதோ அங்கிருந்து மேலே போங்கள்.